விண்டோஸ் 98-ல புரோகிராம் ஏன் பொசுக்குன்னு படுத்துக்குது? வைரஸ்னு சொல்றதுக்கு முன்னாடி சித்த நேரம் இதப் படிங்க

போன மாசம் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு கூப்ட்டிருந்தாங்க. பழைய மிசினு, அதுக்கு டிசைன் அனுப்பற சாப்ட்வேர் விண்டோஸ் 98-ல மட்டும்தான் ஓடும், மிசினோட பேசற கார்டும் அந்தக் காலத்து ஐஎஸ்ஏ ஸ்லாட் கார்டு, அதனால கம்ப்யூட்டர மாத்தவும் வழியில்ல. ஓனரண்ணன் என்னயப் பாத்ததும் "தம்பி, வைரஸ் பூந்துருச்சு, ஃபார்மட் அடிச்சுக் குடுத்துருங்க"ன்னாரு. நெட் கிடையாது, டிசைன் ஃப்ளாப்பியத் தவிர வேற எதுவும் உள்ள போகாத சிஸ்டம் அது. ஏற்கெனவே மூணு தடவ ஃபார்மட் ஆயிருச்சாம், பத்து நாள் ஓடும், மறுபடி படுத்துக்குமாம். ஸ்கிரீன்ல என்னங்ண்ணா எழுதிருந்துச்சுன்னு கேட்டா, "ஏதோ இங்கிலீஸ்ல வரும் தம்பி, ஓகே குடுத்துருவோம்"னாரு.

எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு. அந்த இங்கிலீஸ்ல வந்ததுதான் பதிலே. அது யாருக்கும் புரியாத பாஷையில இருந்துச்சு, அவ்வளவுதான். கோயமுத்தூர், திருப்பூர், கரூர் பக்கம் இன்னும் எத்தனையோ மிசின் பக்கத்துல இந்த மாதிரி பழைய சிஸ்டம் ஓடிட்டு இருக்கு, விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையோட சப்போர்ட்டும் நின்னு போச்சு, இனி நாமளா புரிஞ்சுக்கிட்டாத்தான் உண்டு. அதுக்காகத்தான் இதை எழுதறேன், கம்ப்யூட்டர் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி.

மொதல்ல, என்னதான் ஆச்சு?

நம்மாளுங்க எல்லாத்துக்கும் "ஹேங் ஆயிருச்சு"ம்பாங்க. உண்மையில மூணு தனித்தனி சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு, ஒரு புரோகிராம் மட்டும் மெசேஜ் போட்டுட்டு மூடிக்கிறது, அதுக்குப் பேரு கிராஷ். ரண்டாவது, மெசேஜ் எதுவும் இல்லாம ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நிக்கறது, மவுஸ்ல மணல் கடிகாரம் மட்டும் நின்னுட்டு இருக்கும், அதுதான் நெசமான ஹேங். மூணாவது, ஸ்கிரீன் பூரா நீலமா மாறி வெள்ளை எழுத்து வர்றது. மூணுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற. காய்ச்சல், வாந்தி, எலும்பு முறிவு மூணுக்கும் ஒரே மாத்திரையக் குடுக்கற டாக்டர்கிட்ட நாம போவமா?

லைன் வீடும் மெமரியும்

திருப்பூர்ல லைன் வீட்டுல குடியிருந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். வரிசையா பத்து வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஆனா தண்ணித் தொட்டி ஒண்ணு, மோட்டார் ஒண்ணு, கரண்டு பீஸ் இருக்கற பெட்டி ஒண்ணு, அதெல்லாம் பொது எடத்துல, பூட்டு இல்லாம. மூணாம் நம்பர் வீட்டுப் பையன் வெளையாட்டா பீஸைப் புடுங்குனா ஏழாம் நம்பர் வீட்டுல மிக்ஸி நின்னு போகும். ஏழாம் வீட்டுக்காரம்மா மிக்ஸி ரிப்பேருன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. மிக்ஸில ஒரு கோளாறும் இருக்காது.

விண்டோஸ் 98 அப்படியே இந்த லைன் வீடுதான். புரோகிராம் ஓடறப்ப அது வேலை செய்யற எடம் மெமரி. மெமரியோட ஒவ்வொரு சின்ன பொட்டிக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு, அதுக்குப் பேரு அட்ரஸ். ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் 4 ஜிபி அளவுக்கு நம்பரக் குடுக்குது. சிஸ்டத்துல ராம்னு சொல்ற நெசமான மெமரி 32 எம்பிதானே இருக்கு, 4 ஜிபி எங்கிருந்து வந்துச்சும்பீங்க. நம்பர் வேற, நெச எடம் வேறங்க. சைட் போட்டவன் பிளான்ல நானூறு வீட்டு நம்பர் போட்டு வெச்சிருப்பான், கட்டுன வீடு நாலுதான் இருக்கும், அந்த மாதிரி. எந்த நம்பருக்குப் பின்னால நெசமான வீடு இருக்குங்கற பட்டியல விண்டோஸ் எழுதி வெக்குது, சிபியு, அதான் வேலையெல்லாம் செய்யற சிப்பு, ஒவ்வொரு தடவையும் அதப் பாத்துட்டுத்தான் உள்ள விடுது.

அந்த 4 ஜிபில 2 ஜிபி வரைக்கும் இருக்கறதுதான் புரோகிராமோட தனி வீடு, அடியில கொஞ்சம் மட்டும் விண்டோஸுக்கு முந்தின டாஸுக்கு ஒதுக்கிருக்கும். 2-ல இருந்து 3 வரைக்கும் பொது எடம், எல்லாரும் சேந்து பொழங்கற ஃபைலுங்களும், 16 பிட்னு சொல்ற விண்டோஸ் 3.1 காலத்துப் பழைய புரோகிராமுங்களும் அங்கதான் இருக்கும். 3-ல இருந்து 4 வரைக்கும் விண்டோஸோட உயிர்நாடியும் டிரைவருங்களும். டிரைவர்னா ஒரு கார்டையோ பிரின்டரையோ எப்படி ஓட்டணும்னு விண்டோஸுக்குச் சொல்லிக் குடுக்கற சின்ன புரோகிராம். இதுல கோளாறு எங்கன்னா, மேல இருக்கற இந்த ரண்டு ஜிபிக்கும் முழுசா பூட்டு போடல. ஒரு புரோகிராம் தப்பான நம்பருல எழுதுனா, சில எடத்துல யாரும் தடுக்க மாட்டாங்க. எழுதுனது ஒருத்தன், விழறது இன்னொருத்தன்.

ஏன் பூட்டு போடாம விட்டாங்கன்னு கேட்டா, அதுலயும் ஒரு நியாயம் இருக்குங்க. 1995-ல விண்டோஸ் 95 வந்தப்ப ஊரு பூரா டாஸ் புரோகிராமும் விண்டோஸ் 3.1 புரோகிராமும்தான் ஓடிட்டு இருந்துச்சு. அதெல்லாம் பொது எடத்துல கைய வெச்சுப் பழகுனது. அத்தனையும் ஓடணும், அதுவும் 4 எம்பி ராம் இருக்கற சிஸ்டத்துலயும் ஓடணும். எல்லாத்தையும் பூட்டிருந்தா பாதி புரோகிராம் நின்னு போயிருக்கும். பூட்டு ஒழுங்கா இருக்கற விண்டோஸ் என்டி 1993-லயே வந்துருச்சு, ஆனா அதுக்கு ராம் எச்சா வேணும், பழைய புரோகிராம் நெறைய ஓடாது. 2001-ல எக்ஸ்பி வந்த பொறவுதான் அந்த பூட்டு வீட்டு சிஸ்டத்துக்கும் வந்துச்சு.

இது வரைக்கும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியது, விழுந்த புரோகிராம்தான் தப்பு பண்ணுச்சுன்னு கண்ண மூடிட்டு முடிவு பண்ணாதீங்க. மிக்ஸி கதை மறந்துராதீங்க.

"இல்லீகல் ஆபரேஷன்"னா போலீஸ் வராது

அந்தக் காலத்துல இந்த மெசேஜப் பாத்து மெரண்டவங்க எத்தனையோ பேரு. "திஸ் புரோகிராம் ஹாஸ் பெர்ஃபார்ம்டு அன் இல்லீகல் ஆபரேஷன்"னு வரும். நான் புதுசா சர்வீஸுக்குப் போன காலத்துல கோபி பக்கம் ஒரு கடைக்காரரு, சாப்ட்வேர் சிடி காப்பி போட்டது வெளிய தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சு சிஸ்டத்த மூணு நாளா ஆன் பண்ணாமயே வெச்சிருந்தாரு. பாவமா இருந்துச்சு. இங்க இல்லீகல்னா சட்டத்துக்கு விரோதம்னு அர்த்தமில்லீங்க. சிபியு ஒத்துக்காத வேலைய புரோகிராம் கேட்டுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

எந்த மாதிரி வேலை? வீடே இல்லாத நம்பருக்குப் போயி கதவத் தட்டுனா அது இன்வேலிட் பேஜ் ஃபால்ட். இதுல இன்வேலிட்ங்கற வார்த்தை முக்கியம். வெறும் பேஜ் ஃபால்ட் நாள் பூரா நடக்கும், ராம்ல எடமில்லாம ஹார்டு டிஸ்குல ஒதுக்கி வெச்சத எடுத்துட்டு வர்றதுக்கு அதுதான் வழி, அதுல தப்பே இல்ல. டிஸ்குலயும் இல்ல, ராம்லயும் இல்லன்னாத்தான் இன்வேலிட். அனுமதி இல்லாத எடத்துல கைய வெச்சா ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட், சுருக்கமா ஜிபிஎஃப். சைபரால வகுக்கச் சொன்னா டிவைடு எரர், நம்ம பக்கம் அக்கவுண்ட்ஸ் புரோகிராமுங்கள்ல ரேட் போடாம விட்ட வரியில இது வரும்.

நீல ஸ்கிரீன் வந்தா தப்பு நடந்தது தனி வீட்டுல இல்ல, 3 ஜிபிக்கு மேல, விண்டோஸோட உயிர்நாடியிலயோ ஏதோ ஒரு டிரைவருலயோ. அங்க "ஃபேட்டல் எக்ஸெப்ஷன் 0ஈ"ன்னு வந்தா அதுவும் பேஜ் ஃபால்ட்தான், "0டி"ன்னு வந்தா ஜிபிஎஃப். 1998 ஏப்ரல் 20-ந் தேதி சிகாகோல, பில் கேட்ஸ் மேடையில நிக்கறப்பவே, ஸ்கேனரச் சொருகிக் காட்டப் போயி விண்டோஸ் 98-ல இதே நீல ஸ்கிரீன் வந்துச்சு. புதுசா ஒண்ணச் சொருகறப்ப, புதுசா டிரைவர் ஏறறப்ப வர்ற ஆபத்து அது, இன்னிக்கு நம்ம யூனிட்டுலயும் அதேதான்.

ஹேங் ஆகறது: வாய்க்கா முறை

கீழ்பவானி, பிஏபி பாசனத்துல தோட்டம் இருக்கறவங்களுக்கு முறைத் தண்ணி தெரியும். இத்தன மணி நேரம் உனக்கு, அப்பறம் மடைய அடைச்சு அடுத்தவனுக்கு உடணும். விண்டோஸ் 3.1-ல எல்லா புரோகிராமும் தானா மடைய அடைச்சு அடுத்தவனுக்கு வழி உடணும், கேக்கறதுக்கு ஆளில்ல. ஒருத்தன் மடையத் தொறந்து போட்டுட்டுத் தூங்கிட்டான்னா கடைமடைக்காரன் வயல் காஞ்சே போகும். விண்டோஸ் 95-ல இருந்து வாய்க்காலுக்கு லஸ்கர், அதான் மடையப் பாத்துக்கற ஆளு, வந்த மாதிரி, நேரம் முடிஞ்சா விண்டோஸே மடைய அடைச்சுரும்.

அப்பறம் ஏன் 98-லயும் உறையுது? ஏன்னா ஜன்னல வரையறது, மெனு காட்டறது மாதிரி வேலைகள்ல பெரும்பகுதி அப்பவும் பழைய 16 பிட் கோடுலதான் இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு நேரத்துல ஒருத்தர்தான் போகலாம், சாவி ஒண்ணுதான். பழைய 16 பிட் புரோகிராம் ஓடறப்ப அந்தச் சாவிய கையில வெச்சுக்கும், அது எங்காச்சும் சிக்கி நின்னா புது புரோகிராமும் கோடு போட முடியாம வரிசையில நிக்கும். லஸ்கர் நேரத்த எல்லாருக்கும் கரெக்டா பிரிச்சுக் குடுத்துட்டேதான் இருப்பாரு, ஆனா ரூம்புச் சாவி இல்லாம யாரும் எதுவும் பண்ண முடியாது. எம்பிராய்டரி, நிட்டிங் மிசின் சாப்ட்வேரெல்லாம் அந்தக் காலத்துல 16 பிட்டா இருக்கறது சகஜம், அதனால நம்ம ஊருல ஹேங் எச்சா தெரியும்.

அப்ப என்ன பண்ணணும்னா, கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் ஒரு தடவ மட்டும் அமுத்திட்டுப் பொறுமையா இருங்க. லிஸ்ட் வரும், "நாட் ரெஸ்பாண்டிங்"னு போட்டிருக்கறத மட்டும் மூடுங்க. ரண்டாவது தடவ அமுத்துனீங்கன்னா சிஸ்டமே ரீஸ்டார்ட் ஆயிரும், சேவ் பண்ணாத டிசைன் போச்சு.

விண்டோஸ் ஆன் ஆனதுல இருந்து ஆன மில்லி செகண்ட எண்ணற ஒரு கணக்கு உள்ள ஓடும், அது 49.7 நாளுல நெறைஞ்சு சைபருக்குத் திரும்பும். 95, 98 ரண்டும் அந்த நேரத்துல அப்படியே நின்னுரும், அதுக்குத் திருத்தமும் வந்துச்சு. நம்ம பக்கம் பொழுதோட ஷட்டர் சாத்தும்போது மெயின ஆஃப் பண்றதால யாரும் இதப் பாத்திருக்க மாட்டாங்க, ஆனா ராத்திரி பகலா ஓடற மில்லுல மாசக்கணக்கா ஆஃப் பண்ணாம விட்ட சிஸ்டம் இருந்தா மனசுல வெச்சுக்கங்க.

"ராம் பத்தல"ங்கற பேச்சு

"அவுட் ஆஃப் மெமரி"ன்னு வந்தா ராம் வாங்கிப் போட்டுர்றாங்க. பல நேரம் காசு வீணுங்க. நூல் குடோன நெனச்சுக்கங்க. குடோன் பாதி காலி, ஆனா சரக்கு வரவு எழுதற நோட்டுல பக்கம் தீந்து போச்சு, எழுதாம ஒரு பை கூட உள்ள விட மாட்டாங்க. விண்டோஸ்ல இந்த நோட்டுக்குப் பேரு சிஸ்டம் ரிசோர்ஸ். ஜன்னல், பட்டன், ஃபான்ட், பேனா கலர் எல்லாத்துக்கும் அதுல ஒரு வரி எழுதணும். விண்டோஸ் 3.1-ல யூசர், ஜிடிஐன்னு ரண்டு வகை, ஒவ்வொரு நோட்டும் 64 கேபிக்கு மேல போகாது. 95-லயும் 98-லயும் நெறைய வரிகளப் பெரிய நோட்டுக்கு மாத்துனாங்க, ஆனா சிலது அந்த 64 கேபிலயே நின்னு போச்சு. நீங்க 16 எம்பி போட்டாலும் 256 எம்பி போட்டாலும் நோட்டு அதே அளவுதான்.

மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் அடிச்சு புராபர்ட்டீஸ், அதுல பெர்ஃபாமன்ஸ் போனா சிஸ்டம் ரிசோர்ஸ் எத்தன சதவீதம் மிச்சம்னு காட்டும். காத்தால ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, பொழுதோட ஒரு தடவ பாருங்க. ஒரே புரோகிராமத் தொறந்து மூடறப்பல்லாம் கொறஞ்சுட்டே போயி திரும்ப ஏறலைன்னா, அந்த புரோகிராம் நோட்டுல எழுதுனத அடிக்காமயே போகுதுன்னு அர்த்தம். மத்தியானம் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்றதுதான் அதுக்கு கைவைத்தியம், ராம் இல்ல. இன்னொண்ணும் சொல்லணும், 98-ல 512 எம்பிக்கு மேல ராம் போட்டா டிஸ்குல இருந்து படிச்சத ராம்ல வெச்சுக்கற டிஸ்க் கேஷுங்கறது நம்பர் எடத்த எச்சாப் புடிச்சுக்கிட்டு, இருக்கற சிஸ்டமும் "மெமரி பத்தல"ன்னு அழ ஆரம்பிக்கும். சிஸ்டம்.ஐஎன்ஐங்கற ஃபைல்ல அந்தக் கேஷுக்கு ஒரு வரம்பு போட்டாத்தான் சரியாகும். ராமப் போட்டு நோவ வாங்கறதுங்கறது இதுதான்.

பொது மோட்டார மாத்துனது யாரு?

பல புரோகிராம் ஒட்டுக்கா பொழங்கற கோடு ஃபைலுக்குப் பேரு டிஎல்எல். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம் ஃபோல்டர்ல கெடக்கும். லைன் வீட்டுப் பொது மோட்டார் மாதிரி. புதுசா குடிவந்தவன் தனக்குத் தோதா வேற மோட்டார மாட்டிட்டா அவனுக்குத் தண்ணி ஏறும், மத்த ஒம்பது வீட்டுக்கும் ஏறாது. புது புரோகிராம் போடறப்ப அது தன்கிட்ட இருக்கற டிஎல்எல்ல பழசு மேல எழுதிட்டுப் போயிரும். அடுத்த நாள் அக்கவுண்ட்ஸ் விழும், நேத்து போட்ட கேம் மேல யாருக்கும் சந்தேகமே வராது. விண்டோஸ் 98-ல சிஸ்டம் ஃபைல் செக்கர்னு ஒண்ணு இருக்கு, ரன்ல எஸ்எஃப்சின்னு அடிச்சா வரும், மாறிப்போன ஃபைல கண்டுபுடிச்சு சிடில இருந்து பழசத் திரும்ப எடுத்து வெக்கும்.

மெசேஜ எப்படிப் படிக்கறது

இதுதான் நான் ரொம்ப ஆசப்பட்டுச் சொல்ல வந்தது. கிராஷ் மெசேஜ்ல டீடெய்ல்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுத்துனா "இன்னது காஸ்டு அன் இன்வேலிட் பேஜ் ஃபால்ட் இன் மாட்யூல் இன்னது அட்"னு சொல்லி ஒரு நீள நம்பர் வரும். மொதல் பேரு யாரு விழுந்தாங்கன்னு. நடுவுல என்ன மாதிரி தப்புன்னு. மாட்யூல்ங்கறது எந்த ஃபைலுக்குள்ள நிக்கறப்ப விழுந்தாங்கன்னு. கடைசி நம்பர் எந்த எடத்துலன்னு. கீழ வர்ற நாப்பது நம்பரும் நமக்கு வேண்டாம்.

மாட்யூல் கெர்னல்32 டிஎல்எல்னு வந்தா "கெர்னலே போச்சு"ன்னு ஃபார்மட் அடிக்கறாங்க. அது பொது மோட்டாருங்க, எல்லாரும் போற எடம். ஒரு புரோகிராம் தப்பான நம்பரக் குடுத்து அந்த வேலையச் செய்னா, செய்யப் போற கெர்னல்தான் விழும். மாட்யூல் எடத்துல வீடியோ கார்டு டிரைவர் பேரோ பிரின்டர் டிரைவர் பேரோ வந்தா அது நல்ல துப்பு, அதப் புடிச்சுக்கங்க.

ஒரு தடவ பாத்தாப் பத்தாது, நாலஞ்சு தடவ எழுதி வெச்சு ஒப்பிட்டுப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் அதே மாட்யூல், அதே நம்பர்னா சாப்ட்வேர் தப்பு, எந்த வேலை பண்றப்ப வருதுன்னு கண்டுபுடிச்சா முடிஞ்சுது. தடவைக்கு ஒரு புரோகிராம், தடவைக்கு ஒரு மாட்யூல், நம்பரும் வேற வேறன்னா சாப்ட்வேர விட்டுருங்க. ராம், சூடு, பவர் சப்ளை, இந்த மூணுல ஒண்ணு. ராம்ல ஒரு பொட்டி கெட்டுப் போனா, அதுல யாரு வந்து உக்காருறாங்களோ அவங்க விழுவாங்க, அதான் ஆளு மாறிட்டே இருக்கும்.

கைய வெக்கறப்ப

லைன் வீட்டுல எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னா எலக்ட்ரீசியன் எல்லா ஒயரையும் புடுங்க மாட்டாரு, ஒவ்வொரு பீஸா கழட்டிப் பாப்பாரு. அதேதான் இங்கயும். நேத்து வரைக்கும் ஓடுனது இன்னிக்கு விழுந்தா, நடுவுல என்ன மாறுச்சுன்னு மொதல்ல கேளுங்க. ஆன் பண்றப்ப கன்ட்ரோல் கீயப் புடிச்சுக்கிட்டா மெனு வரும், அதுல சேஃப் மோடு. அதுல டிரைவருங்க பெரும்பாலும் ஏறாது, ஸ்கிரீன் மொக்கையாத்தான் தெரியும், பரவாயில்ல. அங்க ஒழுங்கா ஓடுச்சுன்னா தப்பு டிரைவர்லயோ கூடவே ஸ்டார்ட் ஆகற புரோகிராம்லயோதான். ரன்ல எம்எஸ்கான்ஃபிக்னு அடிச்சு ஸ்டார்ட்டப்ல பாதிய நிறுத்திப் பாருங்க, சரியாச்சுன்னா அந்தப் பாதில குத்தம், அதுலயும் பாதி. ஒரு நேரத்துல ஒரு மாத்தந்தான். நாலு மாத்தத்த ஒட்டுக்காப் பண்ணி சரியாயிருச்சுன்னா எதுனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த மாசம் மறுபடி முழிக்கணும். சி டிரைவ்ல எடம் இருக்கான்னும் பாருங்க, டிஸ்க் நெம்பிட்டா ராமுக்கு ஒத்தாசையா டிஸ்குல ஒதுக்கற எடம் கெடைக்காம எல்லாமே தடுமாறும். ரெஜிஸ்ட்ரின்னு சொல்ற செட்டிங்ஸ் புத்தகம் கெட்டிருந்தா, 98 பழைய காப்பி அஞ்சு வரைக்கும் வெச்சிருக்கும், டாஸ்ல ஸ்கேன்ரெக்ல ரெஸ்டோர் குடுத்தா நல்லா இருந்த தேதிக்குப் போயிக்கலாம். இத்தனைக்கும் பொறவுதான் ஃபார்மட்.

அந்த யூனிட்டுல என்ன ஆச்சுன்னா

ஆப்பரேட்டர் பொண்ணுகிட்ட, "கண்ணு, இனி ஓகே குடுக்கறதுக்கு முன்னாடி டீடெய்ல்ஸ அமுத்தி ஒரு நோட்டுல எழுது, மணியும் போடு"ன்னு சொல்லிட்டு வந்தேன். ரண்டு நாளுல ஆறு வரி எழுதி வெச்சிருந்துச்சு. ஆறும் ஆறு மாட்யூல். ஆனா மணிய பாத்தா எல்லாம் மத்தியானம் ஒரு மணியில இருந்து நாலு மணிக்குள்ள. கேபினட்டக் கழட்டுனேன். சிபியு ஃபேன்ல நூல் பஞ்சு தலகாணி மாதிரி அடஞ்சு கெடந்துச்சு, ஃபேன் சுத்தறது காத்தே வராம. நம்ம ஊருல காத்துல பஞ்சு இல்லாத எடம் எது? சுத்தம் பண்ணி, ராமக் கழட்டிக் கால அழிரப்பர்ல தேச்சு மறுபடி மாட்டுனேன். அதுக்கு மூணு தடவ ஃபார்மட் அடிச்சு, பழைய டிசைன்ல பாதியத் தொலச்சிருந்தாங்க.

முந்தாநேத்து அந்தப் பொண்ணே ஃபோன் பண்ணுச்சு. மறுபடி விழுகுதுங்ண்ணா, ஆனா இந்தத் தடவ நாலு தடவையும் ஒரே மாட்யூல், அதே நம்பருன்னு எழுத்து எழுத்தாப் படிச்சுக் காட்டுச்சு. கேட்டா அது பிரின்டர் டிரைவர் பேரு. "புதுசா பிரின்டர் கிரின்டர் மாத்துனீங்களா கண்ணு"ன்னேன். "ஆமாங்ண்ணா, செவ்வாய்க்கெழம செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க, அன்னைக்குப் பொழுதோடதான் மொதல் வரியே எழுதிருக்கேன்"னுச்சு.